பெயர்ப்பு

ஏப்ரல் பதினைந்து.
விசைப்படகுகள் உப்பனாற்றில்
தோளோடு தோள் உரசி நிற்கின்றன.
ஐஸ் பிளான்ட்டில் ஒரு கம்ப்ரசர் மட்டும்
ஒப்புக்கு ஓடுகிறது.
கணக்கு மேசையில் நான், அமோனியா நெடி,
ஆபீஸ் கம்ப்யூட்டர்,
அறுபத்தொரு நாள் தடைக்காலம்.

வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருள் ஒன்றை
இறக்கி வைத்திருக்கிறேன். இலவசம்,
மூன்று பேருக்கு மேல் போனால் காசு.
நான் ஒருத்திதான்.

புள்ளி என்றால் செய்ய வேண்டியது.
வட்டம் என்றால் நடக்கப்போவது.
சிறு கோடு, சும்மா ஒரு குறிப்பு.
பெருக்கல் போட்டால் முடிந்தது.
அம்பு போட்டால் அடுத்த மாதத்துக்கு.
நோட்டில் இதற்கு ஒரு பேனா போதும்.
இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள்,
லேபிளுக்கு ஒரு நிறம்.
காலை முழுக்க நிறம் பார்த்ததில் போயிற்று.
புடவைக்கடையில்கூட இவ்வளவு நேரம் நின்றதில்லை.

பொருளடக்கம். வருங்காலம். மாதம். அன்றாடம்.
நான்கு பெட்டி.
வருங்காலத்தைத் திறந்து
ஜூன் பதினைந்தில் ஒரு வட்டம் போட்டேன்.
அன்று விடியுமுன் நாற்பது படகு ஐஸ் கேட்கும்.
அதைத் தாண்டி அந்தப் பெட்டியில் போட
சட்டென்று எதுவும் தோன்றவில்லை.
டிசம்பரில் ஒரு கோடு: புயல் வரலாம்.
கடலூர்க்காரிக்கு அதைக் குறித்து வைக்க வேண்டியதில்லை,
இருந்தாலும் பெட்டி காலியாக இருந்தது.

பழைய டைரியைப் பக்கத்தில் விரித்துப்
புள்ளிகளை ஏற்றினேன்.

• அஞ்சாப்புலி பாக்கி, நானூற்றுப் பன்னிரண்டு பார்
• கடைவாய்ப்பல், மஞ்சக்குப்பம் டாக்டர்
• வண்டி இன்ஷூரன்ஸ்
• பி.எஃப். நாமினி: கோதண்டபாணி பெயரை மாற்று

கடைசி வரிக்கு டைரியில் பதினோரு அம்பு.
ஒவ்வொரு மாதக் கடைசியிலும்
கையால் பெயர்த்து எழுதியிருக்கிறேன்.
ஆகஸ்டில் எழுத்து கோணல்.
அக்டோபரில் ஆளை விட்டுவிட்டு
'பி.எஃப். விஷயம்' என்று மட்டும்.
ஜனவரியில் அதுவும் சுருங்கி
'அது'.
இன்றுதான் மறுபடி முழுசாக.

மென்பொருள் கேட்கிறது:
முடியாத வேலைகளைத் தானாகவே
அடுத்த நாளுக்கு நகர்த்தட்டுமா?
என்ன பவ்வியம்.
ஒரே சொடுக்கு. அப்புறம் கை வலிக்காது,
எழுத்து கோணாது,
நான் தூங்கும்போது
கோதண்டபாணி நாள் நாளாக
நகர்ந்து வந்துகொண்டே இருப்பார்
என் ரிட்டயர்மென்ட் வரை.

'வேண்டாம்' அழுத்தினேன்.
தள்ளுவதென்றால் நானே தட்டித்தான் தள்ளுவேன்,
எழுத்தெழுத்தாக.

மதியம் கரண்ட் போனது.
கம்ப்ரசர் ஓய்ந்ததும்
உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் கேன்கள்
ஒன்றிரண்டு முனகின.
இலக்கணத்தில் படித்தது எதற்கோ நினைவு வந்தது:
புள்ளி வைத்தால் மெய்.
தனியே சொல்லிப் பார்த்தால் வாய் பாதியில் நிற்கும்.
உயிர் வந்து ஏறினால் புள்ளி இருக்காது.
அதை யாரும் அழிப்பதில்லை.

கரண்ட் வந்ததும் அந்த வரியை உடைத்தேன்.
பெரிய வேலையைத் துண்டாக்கு என்பது விதி.
ஐஸ் பிளான்ட்காரிக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா?

• படிவம் எடு. பத்து நிமிடம்.
• அவர் பெயரை அடி. ஒரு நொடி.
• அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் எழுது.

நேரம் போடச் சொல்லி மூன்றாவது வரியில்
கர்சர் துடிக்கிறது.
அக்கா மகள் துளசிமணியா?
அக்காவோடு பேசி இரண்டு வருஷம்.
மெஸ்ஸில் கூட இருந்த பிலோமினா இப்போது மஸ்கட்டில்.
'யாருக்கு ஒதுக்க?' என்றது.
பட்டியல் விரிந்தது. அதில் ஒரே பெயர்,
செல்வநாயகி.
எனக்கு நானே நாமினி ஆக முடியாது, தெரியும்.
வேலைக்கு ஆகலாம்.
கெடு: ஜூன் பதினான்கு.

ஜன்னலுக்கு வெளியே அஞ்சாப்புலி
படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்.
பழைய பேரைச் சுரண்டியாயிற்று,
புதுசு இன்னும் முடிவாகலையாம். வெறும் நீலம்.
பாக்கி எப்போ என்று கத்தினேன்.
"பேர் வெச்சதும்" என்றார்.

ஒரு சிறு கோடு போட்டுக்கொண்டேன்.